லயத்துக்குக் கீழே ஒரு தாங்கி

பெப்ரவரி 10, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, குழாயைத் திறந்து பார்த்தது. தண்ணீர் வந்தது. மூடிவிட்டுச் சும்மா நின்றேன். இரவு உறைபனி. முற்றத்துப் புல் முழுக்க வெள்ளை. மகள் பஸ்ஸைத் தவறவிட்டாள். த்ரீவீலரில் அனுப்பினேன்.

நான் வேலை செய்யும் பிரதேச சபையில் செயலாளர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை கணக்காய்வுக்காரர்கள் வருகிறார்கள், தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் சபை கட்டிய தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் பேசுவதை நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டும்.

"எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு நிக்காதீங்க மிஸ். சுருக்கமா, நல்லபடியா சொல்லுங்க."

நல்லபடியா. நாள் முழுக்கக் காதில் அதுதான்.

வாங்க: சீனி, அம்மாவின் மூட்டு வலிக்குத் தைலம், மகளுக்கு வரைதாள்.

பெப்ரவரி 11, புதன்

மூடுபனி. தைலம் மறந்துபோயிற்று. கந்தப்பளைச் சந்தையில் லீக்ஸ் மலிவு.

வேலை ஓடவில்லை. தாங்கி நினைப்புத்தான். போன டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்று ஒரே அவசரம். லொறி போகும் ரோட்டோரத்திலேயே கட்டியாயிற்று. லயமோ அதற்கு மேலே, மலைச்சரிவில். வாசலுக்கு வாசல் குழாய். தண்ணீர் எப்படி மேலே ஏறும்?

திறப்பு விழாவுக்கு ஏறியது. அன்றைக்கு மட்டும் ஒரு பம்பை வாடகைக்கு எடுத்தார்கள். பந்தல், மேளம், பொன்னாடை. பால் பொங்கியது, நாடா வெட்டினார்கள், குழாயைத் திறந்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். சாயங்காலம் நாற்காலிகளோடு பம்பும் அதே லொறியில் போயிற்று. அதன் பிறகு குழாய்களில் காற்றுத்தான்.

இப்போது பம்ப் வாங்க இன்னொரு மதிப்பீடு. அதற்கு மின்சாரம் இழுக்க வேறொன்று.

பெப்ரவரி 12, வியாழன்

பேச இரண்டு பேரைப் பார்த்து வைக்கச் சொல்லி மேற்பிரிவுக்கு அனுப்பினார்கள். செல்வி அங்கேதான் இருக்கிறாள், என் சித்தி மகள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடிக்கு வந்திருந்தாள். பீலியில் விரல் கனத்துக்குத்தான் தண்ணீர். அதற்கும் வரிசை.

"என்னக்கா, பெரிய ஆளுங்க வாராங்களாமே. பம்பும் கூட வருதா?"

பின்னால் நின்றவள், "வரட்டும்டி. அன்னிக்காவது கம்பளிய தொவைச்சுப் போடலாம்" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். 

செல்விக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. ரோட்டிலிருந்து குடத்தோடு ஏறும்போது படியில் வழுக்கி விழுந்தாளாம்.

"நானே பேசுறேன்க்கா. நான் சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லுவீங்களா?"

 நிரம்பிய குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன்.

திரும்பி வந்தால் நடைபாதையில் செயலாளர். "தூர மொனராகலைக்கு மாத்தலாகிப் போக ஒரு ஆள் கேக்குறாங்க மிஸ். உங்க பேர நான் இன்னும் குடுக்கல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகளுக்கு இந்த வருடம் ஏ.எல். உயர்தரப் பரீட்சை. அவருக்கும் அது தெரியும்.

இரவு அலுமாரியை ஒதுக்கினேன், பிறகு கலைத்தேன்.

பெப்ரவரி 13, வெள்ளி, காலை

பனி விலகவில்லை. தைலம் இன்றாவது.

ஜீப் தாங்கியடியில் நிற்கும், ஆட்களைக் கீழே வரச் சொல்லுங்கள், மேலே ஏறத் தேவையில்லை என்று செயலாளரின் உத்தரவு.

சாரிக்குக் கீழே பழைய சப்பாத்தைப் போட்டிருப்பதை மகள் பார்த்துவிட்டாள். "என்னம்மா இது கோலம்?"

"பாதை வழுக்கும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மொனராகலையில் பனி இருக்காது. அம்மாவின் மூட்டு வலிக்கு நல்லது.

ஹோர்ன் சத்தம். என்னைக் கூட்டிப்போக ஜீப் வந்துவிட்டது.

வந்தவர்களைப் பீலி வரைக்கும் ஏற்றிக் கூட்டிப்போகப் போகிறேன். செல்வி சொல்வதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொல்வேன். அவள் திட்டினால், அந்தத் திட்டையும்.