இடம் மாறி உட்கார்ந்த நாள்

சார்செல், பிரான்ஸ்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி பிரகாசத்துக்கு,

அக்கா வெரோனிகா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். நீயும் சகாயசெல்வியும் சுகமா என்று கேட்க வேண்டும், ஆனால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்திவிட்டு அழுவேன். அதனால்தான் இந்தக் காலத்திலும் பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன்.

மகள் ஏலோதி முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மையை நம் ஊர்க் கோவிலில்தான் வைக்கவேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். பூசை நன்றாக நடந்தது, விருந்தும் குறையில்லாமல் நடந்தது. சாயங்காலம் என்ன செய்தாய்? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற என் தம்பி, குடித்துவிட்டுக் காரை எடுத்து, அம்மாவாசை அண்ணனின் பழவண்டியில் இடித்து, போலீஸ் நீட்டிய குழலில் ஊதி மாட்டிக்கொண்டான். பக்கத்து சீட்டில் உன் மாமா ஆலேன். பின்னால் வெள்ளை கவுனும் முக்காடுமாக ஏலோதி. குருசுக்குப்பமே கூடி நின்று பார்த்ததாம்.

உன் மாமா ஒரு வார்த்தை உன்னைக் குறை சொல்லவில்லை. "பாவம், விடு வெரோனிகா" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. பிறந்த வீட்டைப் பற்றி இங்கே எவ்வளவு பெருமை அடித்திருப்பேன்!

இன்னொன்று. திரும்பி வந்ததிலிருந்து ஏலோதி பூசையில் நன்மை வாங்கப் போவதில்லை. வரிசை எழுந்ததும் வயிற்றுவலி என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். உன்னைப் போலீஸ் அழைத்துப் போனதைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். உன் செல்ல மருமகளுக்கு நீ கொடுத்த பரிசு இதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

கோபத்தோடும் பாசத்தோடும்
அக்கா வெரோனிகா


குருசுக்குப்பம், புதுச்சேரி
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிரகாசம். உன் கடிதம் வந்தது. திட்டை ஒரு வரி விடாமல் வாசித்தேன். நீ திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாய் என்பதில் சந்தோஷம். இன்று மாதா பிறந்தநாள். கோவிலுக்குப் போய் ஏலோதிக்காக வேண்டிக்கொண்டேன்.

லைசென்ஸைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. அதை ஏன் நிறுத்திவைக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸும் வந்துவிட்டது. கேஸ் முடியும்வரை வீட்டில் இரு என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். வேனை இப்போது விஜய் என்ற பையன் ஓட்டுகிறான். காலையில் நம் தெரு முனையில் அவன் ஹாரன் அடிக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நிர்மலா என்று ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். நல்ல மாதிரி. "நோட்டீஸுக்குப் பதில் குடுக்காம வுட்டுடாதீங்க. கோர்ட்ல அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க. ஃபைனக் கட்டிட்டா முடிஞ்சிதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. உங்கள மாதிரி ஆளுக்கு அங்கதான் ஆரம்பமே. லைசென்ஸ் போச்சுன்னா பொழப்பே போச்சு. சரி, வண்டிய நீங்கதான ஓட்டினீங்க?" என்றார். அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நான் குடிக்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியாதா அக்கா? வண்டி ஓட்டத் தொடங்கியதிலிருந்து தொட்டதில்லை. அன்று விருந்தில் மாமாதான் கிளாஸைக் கையில் திணித்து, "மருமவளுக்குப் புதுநன்மை, நீ தொடலன்னா எப்படி மச்சான்? சாந்தே!" என்று பிரெஞ்சில் வாழ்த்திக் கிளாஸை முட்டினார். காலியானதும் மறுபடி நிரப்பினார். ஒயின்தானே, இனி இன்று வண்டி எடுக்கப்போவதில்லையே என்று நானும் குடித்தேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய். மாமாவை என் போனை எடுக்கச் சொல். அக்டோபரில் கோர்ட். அதற்கு முன்னால் அவர் ஒரு விஷயத்தை எழுதித் தரவேண்டும். என்ன என்று அவருக்குத் தெரியும். நீ அவரிடம் கேட்டுச் சண்டை போடாதே.

சகாயசெல்வி உன்னை விசாரித்தாள் என்று எழுதச் சொன்னாள். என்னிடம் அவள் அதிகம் பேசுவதில்லை.

என்றும் உன் பிரியமுள்ள தம்பி
பிரகாசம்


சார்செல்
21 செப்டம்பர் 2025

என் தங்கமான தம்பிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஏலோதி சொல்லிவிட்டாள்.

இன்று பூசையில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அதட்டினேன். "பொய்ய வச்சிக்கிட்டு நன்மை வாங்கக்கூடாதுன்னு சாமியார் சொன்னாரும்மா. நான் பொய் சொல்லல. ஆனா உண்மையும் சொல்லல" என்றாள். பிறகு எல்லாம் வந்தது. கார் ஓட்டியது அப்பா. வேண்டாம் வேண்டாம் என்று நீ சாவிக்குக் கை நீட்டியும் அவர் கொடுக்கவில்லை. பழவண்டியில் இடித்ததும், தூரத்தில் போலீஸ் ஜீப்பைப் பார்த்து, "எடம் மாறு மச்சான், சீக்கிரம்" என்றார். நீ மாறி உட்கார்ந்தாய். அவர் திரும்பி, இது பெரியவங்க விஷயம், வாயைத் திறக்கக்கூடாது என்று பிள்ளையிடம் சொன்னார்.

நான் உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உன் மாமாவிடம் கேட்டேன். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவர் பஸ் ஓட்டுகிறவர். இங்கே பெர்மி, அதாவது லைசென்ஸ், பாயின்ட் கணக்கில் ஓடுகிறது. குடித்துவிட்டு மாட்டினால் பாதி பாயின்ட் போய்விடும். ஏற்கெனவே அவருக்குக் குறைச்சலாகத்தான் இருக்கிறது. மிச்சமும் போனால் பெர்மி போகும், பஸ் போகும், கடனில் வாங்கிய வீடும் போகும். புதுச்சேரியில் நடந்தால் இங்கே எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நம்ம ஜனங்களுக்குப் பொறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பாண்டி ஃபிரெஞ்சு கான்சுலேட் வழியா இங்க வந்து சேருதில்ல? போலீஸ் கேஸ் மட்டும் வராதா?" என்றார். அவர் கேட்பது சரியாகத்தான் பட்டது.

நாள் முழுவதும் யோசித்தேன் தம்பி. உனக்கு லைசென்ஸைச் சில மாதம் நிறுத்திவைப்பார்கள், பிறகு கொடுத்துவிடுவார்கள் என்கிறார். இவருக்குப் போனால் போனதுதான். அம்மா போன பிறகு உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் கேட்கிறேன். கோர்ட்டில் நீயே ஒத்துக்கொள். வக்கீலம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. எனக்காக இது ஒன்று மட்டும் செய்.

உன் அக்கா
வெரோனிகா


குருசுக்குப்பம்
3 நவம்பர் 2025

அக்காவுக்கு,

ஒத்துக்கொண்டேன்.

நீதிபதி, "குடிச்சிட்டு ஓட்டினியா?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். அவ்வளவுதான், அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். நிர்மலா அம்மா வெளியே வந்து என்னிடம் கோபப்படக்கூட இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். மாமா சொன்னது சரிதான், அது திரும்ப வரும்.

வேலை திரும்ப வராது. குடித்து ஓட்டியதாகக் கோர்ட்டில் ஒத்துக்கொண்டவன் கையில் பிள்ளைகளைத் தரமாட்டோம் என்று ஸ்கூலில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் தரமாட்டேன். கருவடிக்குப்பத்தில் இளம்பரிதி என்ற பிள்ளையை நான்தான் எல்கேஜியிலிருந்து ஏற்றி இறக்கினேன். போன வாரம் அவனும் அவன் அம்மாவும் கடைத்தெருவில் எதிரில் வந்தார்கள். அவன் "டிரைவர் மாமா!" என்று ஓடிவந்தான். அந்த அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

இப்போது துறைமுகத்தில் மீன் லோடுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சகாயசெல்விக்கு நான் எதையும் சொல்லவில்லை. அவள் வாயில் வந்தால் அவள் அண்ணன்மார் வாயில் வரும், பிறகு ஊர் முழுவதும் மாமா பெயர்தான். அதனால் அவளைப் பொறுத்தவரை நான் குடிகாரன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்கிறாள். நான் ஊதுகிறேன். முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விடுகிறாள். போலீஸ் ஒரே ஒரு தடவைதான் ஊதச் சொன்னது. இங்கே தினமும் நடக்கிறது.

அம்மாவாசை அண்ணன் அன்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "ஓட்டினது அந்த ஃபிரான்சுக்காரன்டா, நான் வந்து சொல்றேன்" என்று கோர்ட்டுக்கு முந்தின நாள் வந்து நின்றார். கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினேன்.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மா அப்பா கல்லறையைக் கழுவி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் பெயருக்கும் ஒன்று ஏற்றினேன். காற்று ஓயவேயில்லை, நின்று எரியவில்லை.

தம்பி
பிரகாசம்


சார்செல்
18 நவம்பர் 2025

பிரகாசம்,

இதை நான் எந்த முகத்தோடு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் மறைத்துவைத்தால் அது இன்னொரு பாவம்.

கீழ்வீட்டு ஜிஸ்லேன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை செய்கிறாள். உன் கடிதத்தை வாசித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதபோது அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "இந்தியாவில் செய்த தப்புக்கு இங்கே யார் பாயின்ட் எடுக்கிறார்கள்?" என்றாள். எனக்கு நம்பிக்கை வராமல் அவள் வேலை செய்கிற இடத்துக்கே போய்க் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். கான்சுலேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். உன் மாமாவின் பெர்மி ஒருநாளும் ஆபத்தில் இருந்ததில்லை.

ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும். அவரும் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. ஒன்றுமில்லாததற்காக உன்னைக் கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்திவிட்டேனே!

உன் மாமா சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பத் தயார், நேரில் வரவும் தயார் என்கிறார். வக்கீலம்மாவிடம் கேட்டுச் சொல். மறுநாளே அனுப்புகிறேன். ஸ்கூலுக்கும் எழுதுகிறேன்.

ஏலோதி இன்னும் நன்மை வாங்கவில்லை. பிரகாசம் மாமாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்கிறாள்.

என்னை மன்னித்துவிடு தம்பி. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது.

உன் பாவி அக்கா
வெரோனிகா


குருசுக்குப்பம்
8 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

நிர்மலா அம்மாவிடம் கேட்டேன். "இப்ப நான் ஓட்டலன்னு சொன்னா, அன்னிக்குக் கோர்ட்ல பொய் சொன்னியான்னு கேப்பாங்க. அதுக்குத் தனியா பதில் சொல்லணும். முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார். அதனால் மாமா எதுவும் எழுதி அனுப்பவேண்டாம். ஸ்கூலுக்கும் எழுதவேண்டாம். குடித்தவன் என்று ஒதுக்கினார்கள், பொய்யன் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

நீ பாயின்ட் விஷயம் எழுதிய பிறகு சகாயசெல்வியிடம் மறைப்பதில் அர்த்தம் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். "அப்ப நான் தெனம் ஊதச் சொன்னப்பல்லாம் ஏன் ஊதினீங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போய்க் கூப்பிட்டேன், இப்போதைக்கு வரவில்லை என்றாள்.

ஏலோதியிடம் இந்த மாமாவுக்கு அவள்மேல் கோபமே இல்லை என்று சொல். நம் எல்லோரிலும் உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான். தைரியமாகப் போய் நன்மை வாங்கச் சொல்.

மன்னித்தேன் என்று ஒரு வரி கேட்டிருக்கிறாய். ஆலேன் மாமாவை நான் அன்றே மன்னித்துவிட்டேன். "எடம் மாறு மச்சான்" என்று அவர் கேட்டபோது குடித்திருந்தார்.

நீ கேட்டபோது குடித்திருக்கவில்லை அக்கா. எல்லாம் தெரிந்து, நாள் முழுவதும் யோசித்து, உட்கார்ந்து எழுதிக் கேட்டாய்.

இனி எனக்கு எழுதவேண்டாம்.

பிரகாசம்