மத்தாப்புப் பெட்டியில் கற்பகம்

நாரணாபுரம்
தீபாவளிக்கு மறுநாள்

அன்பு மகன் புகழேந்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீயும் மருமகளும் பேரனும் அமெரிக்காவில் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதம்.

போனில் நீ, மகன் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பட அட்டை சேர்க்கிறான், நான் சின்ன வயதில் சேர்த்த பட்டாசு லேபிள்களை அவனுக்குக் காட்ட வேண்டும், டப்பாவை அனுப்புங்கள் என்று சொன்னாயே, அப்பா பரணில் ஏறி எடுத்துக் கொடுத்தார். புலியும் சேவலும் விமானமும் இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். ஒரு புலிகூட இல்லையப்பா. எல்லாம் நம் கற்பகம். கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நூற்றுப் பதினெட்டுப் படம், ஒன்றில் செருப்புத் தடம், ஒன்றில் பாதி கரிந்திருக்கிறது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தாப்புப் பெட்டிக்குப் பிள்ளை படம் வேண்டும் என்று அப்பா வேலை பார்த்த அச்சாபீஸ் முதலாளி கேட்டதும் பெருமையாக உன் தங்கச்சி போட்டோவைக் கொடுத்தது அப்பாதான், உனக்குத் தெரியும். ஆடியில் அச்சாயிற்று, புரட்டாசியில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அதற்குள் லோடு லோடாக எல்லா ஊர்க் கடைக்கும் அவள் முகம் போய்விட்டது. இன்றைக்கும் அதே படம்தான் வருகிறது, சட்டையை மட்டும் நீலமாக்கிவிட்டார்கள். சீசனில் நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போவதில்லை, போனால் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்கள், எல்லாக் கடையிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்பாவோ ரிட்டையர் ஆகும் வரை அந்த ஆர்டரை வேறு யாரையும் தொட விடவில்லை, கட்டிங் மெஷினில் தானே நின்று வெட்டுவார், வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

டப்பாவைக் கூரியரில் போட உன் சின்ன வயதுச் சேக்காளி மொக்கைச்சாமி வந்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பெரியம்மா, தெருவுல தங்கச்சி படம் மிதிபடக்கூடாதுன்னு புகழேந்தி பொறக்குவான், நாங்க அம்புட்டையும் முந்திப் பொறக்கி வச்சிக்கிட்டு தங்கச்சி படம் ஒண்ணுக்கு அவனோட வேற படம் அஞ்சு கேப்போம், குடுத்துருவான், அவன் புலியெல்லாம் எங்ககிட்டதான் இருந்துச்சு என்று சொல்லி அழுதான்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் கை நிறையச் சேறோடு வந்து நின்றாயே, கையில் என்ன என்றுகூட நான் பார்க்கவில்லை. தங்கச்சி செத்து ஒரு மாசங்கூட ஆகல, ஒனக்குப் படம் பொறக்க மனசு எப்பிடிலே வந்துச்சு, நீ கல்லுலேன்னு சொல்லி அகப்பைக் காம்பால் அடித்தேன். அப்போது நீ ஒன்பது வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷமாக என்னிடம் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்கிறாய். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. தப்பு என்மேல்தான் ராசா. என்னை மன்னித்துக்கொள்.

தெருவைக் கூட்டி அள்ளும் வரை தீபாவளிக்கு நான் கதவைத் திறப்பதே இல்லை. இன்று விடியவும் திறந்தேன். மழையில் நனைந்த குப்பைக்குள் ஒரு மத்தாப்புப் பெட்டி கிடந்தது. குனிந்து எடுத்து, படத்தை உரித்து, முந்தானையில் துடைத்துக் காயவைத்திருக்கிறேன்.

டப்பாவை அனுப்பவில்லை. அவளைக் கூரியரில் போட எனக்கு மனசு வரவில்லை. நீயே வந்து எடுத்துக்கொண்டு போ, பேரனையும் கூட்டி வா, இது யாரென்று நானே அவனுக்குச் சொல்கிறேன். அங்கே குளிராமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, டப்பாவில் இப்போது நூற்றுப் பத்தொன்பது.

உன்னை அடித்த அதே கையால் எழுதும்
அம்மா அய்யம்மாள்