கடைமடைக்குத் திறந்த தண்ணீர்

அன்புள்ள மகள் சங்கரேஸ்வரிக்கு,

வடகரையிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றும் சுகம், என் முழங்கால் மட்டும் இன்னும் பாதி சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை கூடப் பேசினால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்திடம் அது நடக்காது.

சாரல் இந்த வருஷம் குறை வைக்கவில்லை. ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லையாம், கார்கள் வரிசையாக நிற்கின்றனவாம். அடவிநயினார் அணை நிரம்பி, நம் வயலில் நடுகையும் முடிந்தது. ஊரே வயலில் நிற்கிறது, வாய்க்காலில் வழுக்கி விழுந்த நான் மட்டும் நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று உன் விளையாட்டில் என்னையும் சேர்த்துவிட்டாய். உலகம் அழிந்தபிறகு நடக்கிற கதை என்றாய், எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. பட்டணமெல்லாம் இடிந்து, பஸ்கள் துருப்பிடித்து, ஆற்றுத் தண்ணீர் விஷமாகிக் கிடக்கிறது. எந்தத் திக்கிலும் நடக்கலாம், கிடைத்ததைப் பொறுக்கி வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் மனம் ஒட்டியது. நல்ல தண்ணீர் இருக்கிற ஒரே அணையைப் பிடித்து நீயும் அந்த ஊரில் உன்னோடு பழகுகிற சேக்காளிகள் நாலு பேரும் வேலி போட்டுக் குடியிருந்தீர்கள். அங்கே நீங்கள் தூங்குகிற நேரத்தில் இங்கே நான் காவல். எனக்குச் சுட வராது, உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் பாய்ச்ச வரும்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பக்கத்தையும் கேள். விளையாட்டில் வறட்சி வந்து அணை இறங்கிக்கொண்டே போனது. கீழே பள்ளத்தில் குடியிருந்து ஆடுகிற இன்னொரு கூட்டம், நம் வேலியை அறுத்துத் திருடுகிற அதே கூட்டம், அவர்கள் பயிர் வெளுத்துப்போய் நின்றது. நான் மடையைத் திறந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. இங்கே தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம், பேச்சுவார்த்தை அறுந்த பங்காளி வயலுக்கும் அவன் முறைக்குத் தண்ணீர் போகிறது. கை பழக்கத்தில் போய்விட்டது. நீங்கள் எழுந்து பார்த்தால் அணை பாதி, நம் உருளைக்கிழங்கு வாடிக்கிடக்கிறது. அந்த ஏரிக், வேலியெல்லாம் கட்டியவன், எதிரிக்குத் தண்ணீர் விட்ட கிழவனை நீக்கு என்று சொல்லி, நீக்கியும்விட்டதாக நீ போனில் சொன்னபோது உன் குரல் உள்ளே போயிருந்தது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு உன் அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "புள்ள அங்கன ஒத்தையில கெடக்கா. கெடச்ச நாலு சேக்காளியையும் கெடுத்துட்டியளே" என்றாள். போன வருஷம் பூராவும் ஆபீஸ் விட்டால் அறை, அறை விட்டால் ஆபீஸ் என்று நீ கிடந்தது எங்களுக்குத் தெரியும். சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாய், யாரோடு என்று கேட்டால் பேச்சை மாற்றுவாய். இந்த நாலு பேர் வந்த பிறகுதான் உன் பேச்சில் மனுஷர் பெயர்கள் வந்தன. அதை நான் ஒரு மடையைத் திறந்து கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவைத்தேன்.

பிறகு வெள்ளிக்கிழமை நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து கூப்பிட்டீர்கள். கீழ்க்கூட்டம் வேலியோரம் வந்து அடுத்த முறை எப்போது என்று கேட்டுவிட்டு, போகும்போது பூசணிக்காயையும் தூக்கிக்கொண்டு போனார்களாம். அதற்கும் நான்தான் காரணம் என்று ஏரிக் கத்தினான். எனக்கும் ஏறிவிட்டது. எதிரி என்றால் சண்டை போடட்டும், தண்ணீரை எதற்கு மறிக்கிறான் என்று கேட்கச் சொன்னேன், நீ அவன் பாஷையில் சொன்னாய். அதற்கும் அவன் கத்தினான். "வரப்பே இல்லாம நட்டுருக்காம்லா, நான் தொறக்காட்டியும் அவன் கெழங்கு வாடத்தான் செய்யும், அப்படியே சொல்லுட்டி" என்றேன். நீ சொல்ல ஆரம்பித்தாய், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அவன் என்ன என்ன என்று கேட்க, உனக்குச் சொல்லவே முடியவில்லை, மூச்சு வாங்கிச் சிரித்தாய். அதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள், கடைசியில் அவனும்தான். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். நீ விமானம் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவே இல்லை, தாயே. போனை வைத்த பிறகு அவள் அழுதாள், நானும்தான்.

ஓட்டுப் போட்டு என்னைத் திரும்பச் சேர்த்தது சந்தோஷம், இனி கேட்காமல் மடையைத் தொடமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல். கீழ்க்கூட்டத்துக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று பேசி முடிக்க ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உன் அறைக்கு வருகிறார்களாமே. பிள்ளையார் உன்னையும் அவர்களையும் நன்றாக வைக்கட்டும். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே, போட்டுக்கொள். ஐந்து பேருக்கு என்று அளக்காமல் அரிசி கூடவே போடு, ஏரிக்குக்கு முதலில் பரிமாறு. அவன் இன்னும் என்னைத் திட்டினால் திட்டட்டும், நீ ஒன்று விடாமல் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுந்தரபாண்டியன்