பாசி தின்ற மாடுகள்

தீவனச் சோதனைத் தீவு, மன்னார் வளைகுடா
இது யார் கையில் கிடைத்தாலும் முழுதாகப் படியுங்கள்.

திங்கள், காலை
பன்னிரண்டு பர்கூர் மாடுகள். தீவனம்: சிவப்புக் கடற்பாசி, அதோடு நான் வளர்த்த நுண்ணுயிர். மாட்டு ஏப்பத்தில் வரும் மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது. அதைக் குறைப்பதுதான் என் வேலை. கடைசி மாட்டையும் மூச்சளவு அறையில், அந்தக் கண்ணாடிக் கூண்டில், அடைத்து அளந்துவிட்டேன். மீத்தேன் பூஜ்யம். குறைவு இல்லை ஐயா, பூஜ்யம்! கரையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கட்டும்.

செவ்வாய், மாலை
தொழுவத்திலிருந்து மாட்டுக்காரர் சடையப்பன், வாக்கிடாக்கியில்: "மேடம், வைக்கோலைத் தொட மாட்டேங்குது. செத்த கடற்காக்காவை எலும்போட மென்னுதுங்க. ரத்தத்தை வேற நக்குது. பாசியை நிறுத்திருவோம்."
நிறுத்தினால் சோதனை பாழ். முடியாது என்றேன்.

புதன், 9.15
சடையப்பன் செத்துப்போனார். செவலைக் காளை வயிற்றைக் கிழித்துத் தூக்கி எறிந்தது. விழுந்தவரை மற்ற மாடுகளும் மொய்த்துவிட்டன. மண்வெட்டியால் ஒரு பசுவின் மண்டையில் வெட்டினேன். கண் பிதுங்கித் தொங்கியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மென்றுகொண்டே இருந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. ஓடிவந்து மூச்சளவு அறைக்குள் பூட்டிக்கொண்டேன். இடது கையில் கொம்பு குத்திய ஓட்டை. ரத்தம் நிற்கவில்லை.

10.40
காரணம் தெரிந்துவிட்டது. மீத்தேனாகப் போகவேண்டிய ஹைட்ரஜனை என் நுண்ணுயிர் தின்கிறது. அது பெருக இரும்பும் பாஸ்பரஸும் வேண்டும். புல்லில் கொஞ்சம்தான். ரத்தத்திலும் எலும்பிலும் நிறைய. அடிப்பாவி! என்னைத்தான் சொல்கிறேன்.

11.30
கண்ணாடியை முறை வைத்து முட்டுகின்றன. விரிசல் கூரை வரை போய்விட்டது.
ரேடியோவில் பாசி கொண்டுவரும் படகுக்காரர் ரெமிஜியஸ்: "மேடம், துறைக்கு வந்துட்டோம். யாரையும் காணோமே?"
நான்: "இறங்காதீங்க! மாடு சடையப்பனைக் கொன்னுருச்சு!"
"ஐயோ, மாதாவே! எம் மகளும் படகுல இருக்கா. திரும்பிப் போய் போலீசைக் கூட்டிட்டு வர்றோம்."
"போகாதீங்க! கண்ணாடி தாங்காது. தள்ளி நங்கூரம் போட்டு நில்லுங்க. வழி கிடைச்சதும் ஓடி வந்துடுறேன். தண்ணிக்குள்ள அதுங்க என்ன செஞ்சிரப் போகுது?"
அவர் தயங்கினார். கெஞ்சினேன், அழுதேன். எனக்குச் சாக மனசில்லை.
"சரி, நிக்கிறோம்."

11.55
முட்டுவது நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தன. பன்னிரண்டும் துறைப் பக்கம் ஓடிவிட்டன. பின்வாசலில் ஒன்றுகூட இல்லை. அப்பாடா, பிழைத்தேன்.

12.05
ரெமிஜியஸ்: "மேடம், எல்லாம் தண்ணியில இறங்குதுங்க. நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சு, வரமாட்டேங்குது. மேடம், மாடு நீந்துமா?"
பின்னால் அந்தப் பெண் அலறுகிறாள்.
"மேடம்! நீந்துமா?"
நீந்தும். நன்றாக நீந்தும். நில்லுங்கள் என்று சொன்னபோதே எனக்குத் தெரியும்.