மூப்பருக்கு விளங்கிய வருணம்

சேசு மரி சூசை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
16.07.1968

என்றும் என் மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

மகள் பிலோமினா தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால் நோவு எப்படி? இன்னும் சைக்கிளில்தான் ஊரூராய் ஞானோபதேசம் படிப்பிக்கப் போகிறீர்கள் என்று அம்மா எழுதியிருந்தா. சொன்னால் கேட்கமாட்டீர்கள். எனக்கும் அந்தக் குணம் உங்களிடமிருந்துதான் வந்தது.

ஐயா, நான் வென்றுவிட்டேன்!

முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் முதல் நன்மைப் பிள்ளைகளுக்கு நான் ஞானோபதேசம் படிப்பிக்கக்கூடாது என்று எங்கள் கோயில் மூப்பர் சந்தியாப்பிள்ளை ஒரு மாதமாகத் தடுத்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் விலங்கியல் ரீச்சர் அல்லவா? உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தன என்கிற கூர்ப்புப் பாடத்தை நடத்துகிறேன், வேதத்துக்கு விரோதம் என்று முறைப்பாடு. ஒன்றில் கூர்ப்பு, இல்லையென்றால் கோயில், இரண்டும் ஏலாது என்றார். கூர்ப்பை விட்டால் சோதனை எழுதப்போகும் ஏழு பெட்டைகளின் கதி என்ன? அதில் ஒருத்தி மூப்பரின் சொந்த மகள் ரெஜினா.

ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியார் எல்லாரையும் இருக்கச் சொல்லி விசாரித்தார். மூப்பர் ரெஜினாவின் பாடக் கொப்பியை விரித்தார். ஆதாமைப் பற்றி அவர் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மனிதரும் குரங்கும் ஒரே வருணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளே, தன்னுடைய வருணத்தில் குரங்கைக் கொண்டுவந்து சேர்க்க இவள் ஆர் என்று கத்தினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விலங்குகளைப் பிரிக்கிற படிகளில் ஒன்றுக்குப் புத்தகத்தில் வருணம் என்று பெயர். மனிசன் அதைச் சாதி என்று எடுத்து ஒரு மாதம் நித்திரையில்லாமல் இருந்திருக்கிறார்.

நான் விட்டேனா? இன்னும் இரண்டு வரி கீழே வாசியுங்கோ என்றேன். அவரே உரத்து வாசித்தார். உலகத்து மனிதர் எல்லாரும் ஒரே சாதி, ஒரே இனம். புத்தகத்தில் இவையும் அந்தப் படிகளின் பெயர்கள்தான். கடைசி வாங்குக்கும் பின்னால், தரையில் இருக்கிற பாக்கியரத்தினம் எழும்பினாள். அவளுடைய சாதி ஆட்களுக்கு இந்தக் கோயிலில் ஒருநாளும் வாங்கில் இருக்க இடம் கிடைத்ததில்லை. மூப்பரும் தன்னுடைய ஆட்களும் ஒரே சாதியென்று அரசாங்கப் புத்தகத்திலேயே போட்டிருக்கோ என்று கேட்டாள். ஓம் என்றேன். எல்லாரும் ஒரு தாய் தகப்பனின் பிள்ளைகள் என்று ஞானோபதேசத்திலும் இருக்கிறதுதானே என்றேன். மூப்பர் கொப்பியை மூடிவிட்டார்.

சுவாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மனித உடல் எதிலிருந்து வந்தது என்று அறிஞர் ஆராயலாம், ஆத்துமத்தைத் தருகிறவர் ஆண்டவர் என்று பாப்பரசர் 1950 இலேயே எழுதியதை எடுத்துச் சொன்னார். பிள்ளைகள் திரும்ப என்னிடமே. நான் பாக்கியரத்தினத்தைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் முன் வாங்கில் இருத்தினேன். ஒருவரும் மறுக்கவில்லை. நேற்று மூப்பர் பெரிய பாரை மீன் ஒன்றோடு வந்து, ரெஜினா டொக்டராக வருவாளா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐயா, விலங்கியல் படிக்கப் போனால் நீ என் மகள் இல்லை என்று ஒன்பது வருசத்துக்கு முன் சொன்னீர்கள். என் நாலு கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினீர்கள். ஆனால் கோயிலில் நான் சொன்ன அந்தக் கடைசிப் பதில் கம்பஸில் படித்ததில்லை. என் முதல் நன்மைக்கு நீங்கள் சொல்லித் தந்தது.

செப்டெம்பர் எட்டாந் திகதி, மாதா பிறந்த திருநாளில், என் பிள்ளைகள் முதல் நன்மை வாங்குகிறார்கள். முன் வாங்கில், பாக்கியரத்தினத்துக்குப் பக்கத்தில், உங்களுக்கு இடம் வைத்திருப்பேன். இவ்வளவும் வாசித்துவிட்டீர்கள் என்றால் உறையைப் பிரித்துவிட்டீர்கள், ஐயா. பாதி வழி வந்தாயிற்று. மீதிக்கு மன்னாரில் பஸ் ஏறுங்கள்.

உங்கள் கை என் தலையில் படக் காத்திருக்கும்
மகள்,
பிலோமினா