உன் பெயர் எழுதிய றங்குப்பெட்டி

நீ இரண்டு தடவை வென்றாய். இரண்டு தடவையும் உன் இடம் உன் கையில் இருந்து போனது. முதல் தடவை அதை எடுத்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை எடுத்தவள் நான்.

நேற்று மத்தியானம் உன் அம்மா உன் றங்குப்பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் இறக்கியதுமே வீடு முழுக்க வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற் மணம். மூடியில் நீல எழுத்தில் உன் பெயர். அதற்குக் கீழே 'சட்டபீடம், கொழும்பு.'

"சும்மா கிடந்து துருப்பிடிக்குது, பிள்ளை. நீ கொண்டு போ."

"மாமி, இதில அவளின்ர பேரெல்லோ கிடக்கு."

"கிடக்கட்டும். அங்க இருக்கிறவைக்கு வாசிக்கத் தெரியும்தானே."

வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். உன் வாய் யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு நேற்றுத்தான் விளங்கியது.

அந்தப் பெயரை உன் அப்பா எழுதிய அன்று நானும் பக்கத்தில் நின்றேன். சோதினை முடிந்திருந்தது, முடிவு வரவில்லை. "றிசல்ட் வரட்டுமே, பிள்ளை" என்று அவர் தூரிகையைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். "வந்தாப்பிறகு பெயின்ற் காய நேரமிராது, அப்பா. இப்பவே எழுதுங்கோ" என்றாய். அப்படிச் சொல்ல எனக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை. உனக்கு அது துணிவாகவே தெரியவில்லை.

உன் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். சங்கிலி அறுந்து கால் நசிந்தபின் கரையில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறார். அவருடைய நட்டஈட்டு வழக்கு அவர் கண்முன்னால்தான் தள்ளுபடியானது. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வழக்கு முடிந்துவிட்டது என்பது, வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் குந்தியபோதுதான் அவருக்குத் தெரிந்ததாம். அப்போது நீ சின்னப்பிள்ளை, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனவள். "அண்டைக்கே நான் லோயர் ஆகீட்டன். சோதினைதான் மிச்சம்" என்று என்னிடம் சொல்வாய்.

பள்ளிக்கூடம் கள்ளமடித்துவிட்டு நாங்கள் கோட்டுக்குப் போய் இருந்தது நினைவிருக்கிறதா? மற்றப் பெட்டைகள் படம் பார்க்கப் போனார்கள், நாங்கள் வழக்குப் பார்த்தோம். மூதூரிலிருந்து வள்ளமேறி வந்த ஒரு மனுசி சாட்சிக்கூண்டில் நின்றா. லோயர்மார் மாறி மாறி ஆங்கிலத்தில் கதைத்தார்கள். ஏதோ முடிவானது. அவவைக் கைகாட்டி இறங்கச் சொன்னார்கள். முக்காட்டைப் பிடித்தபடி அவ ஒவ்வொருவரின் முகமாகப் பார்த்தா. நீ வாங்கிலிலிருந்து எழும்பிவிட்டாய்.

"நீதவான் ஐயா, அந்த அம்மாவுக்கு என்ன நடந்ததெண்டு ஆரும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ!"

எங்களைக் கழுத்தில் பிடிக்காத குறையாக வெளியே விட்டார்கள். பின்னாலேயே அந்த மனுசி ஓடிவந்தா. "மகள், என்ன சொன்னவங்க?" நீ உனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தை வைத்து, "அடுத்த தவணைக்கு வரச் சொல்லுகினம், அவ்வளவுதான்" என்றாய். "அதுக்கா இவ்வளவு கதை?" என்று அவ கேட்டா. நீ கோட்டு வாசலில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்த, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்றைக் காட்டி, "பாருங்கோ உம்மா, இதுக்கும் அடுத்த தவணைதான்" என்றாய். அழப்போன மனுசி சிரித்துவிட்டா.

அந்தக் கோட்டில்தான், லோயர்மார் மறுப்புச் சொல்ல எழும்பிக் கத்துகிற 'ஒப்ஜெக்சன்' என்ற சொல்லைப் பொறுக்கிக்கொண்டாய். அதன்பிறகு உலகம் முழுவதும் உனக்கு ஒரு கோட்டு மண்டபம்தான். நிலாவெளி பஸ்ஸில் கொண்டக்டர் மீன்காரப் பெண்களைப் பின்னால் போகச் சொன்னபோது நீ எழும்பி நின்றாய். "ஒப்ஜெக்சன்! இவையள் ரிக்கற் எடுத்தவை. மீன்தான் ரிக்கற் எடுக்கேல்லை." அவன், "தங்கச்சி என்ன நீதவானோ?" என்று கேட்டான். "இன்னும் இல்லை" என்றாய். பஸ்ஸே சிரித்தது. ஒருத்தியும் பின்னால் போகவில்லை.

முதல் தடவை சோதினை எழுதியபோது உன் புள்ளிகளைக் கேட்டு வாத்திமார் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அது தரப்படுத்தல் வந்த காலம். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது தமிழில் எழுதியவர்களுடைய புள்ளிகளைச் சுருக்கினார்கள். உனக்குச் சட்டபீடம் இல்லை, கலைப்பீடம் என்றார்கள். சட்டக் கல்லூரியின் நுழைவுச் சோதினையிலும் நீ சித்தியடைந்திருந்தாய். எனக்கு அந்த முறை எதுவுமே கிடைக்கவில்லை. உனக்குப் புத்தி சொல்ல மட்டும் வந்தேன்.

"சட்டக் கல்லூரிக்குப் போ. அதுவும் லோயர்தானேடி."

"ஏலாது. எனக்கு வந்த இடத்தை வெட்டினவை. அதே வாசலால போய்த்தான் அதை எடுக்கோணும். இன்னொருக்கா எழுதுவம், நீயும் வா."

அந்த வருடம் காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாய், பின்னேரம் என்னோடு படித்தாய். இடையில் சட்டம் மாறியது. இனி மாவட்டக் கோட்டா, திருகோணமலை பின்தங்கிய மாவட்டம் என்றார்கள். ஊரில் சந்தோசப்பட்டார்கள். நீ புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாய்: "முதல் தமிழெண்டு வெட்டினவை. இப்ப பின்தங்கினவளெண்டு தருகினம். ரெண்டிலையும் என்ர மூளையைப் பற்றிக் கதையே இல்லை. பார், கோட்டா இல்லாமலே எடுக்கிற அளவுக்கு எழுதிக்காட்டுறன்."

எழுதிக்காட்டினாய். ஆனால் அந்த மாரி மழையில் உங்கள் வீட்டு ஒழுங்கையின் கழிவு வாய்க்கால் கிணற்றுக்குள் இறங்கியது. அந்த வாய்க்காலைப் பற்றி நீ மனுமேல் மனு எழுதியிருந்தாய். ஒரு மனிதனும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. ஒழுங்கை முழுக்கக் காய்ச்சல். ஒரு கிழமையில் நீ போய்விட்டாய். விதி என்று செத்தவீட்டில் சொன்னார்கள். விதியா? வாய்க்கால். கடற்கரை பங்களாக்களுக்குப் பின்னால் அப்படியொரு வாய்க்கால் கிடையாது.

பிறகு முடிவு வந்தது. மாவட்டத்தில் சட்டத்துக்கு நீதான் முதல். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே, இடம் கிடைக்காதவர்களில் முதலாவதாக, நான். நீ வந்து பதியவில்லை என்று கண்டு, பட்டியலில் அடுத்தவளைக் கூப்பிட்டார்கள்.

இந்த முறை சட்டக் கல்லூரியும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அண்ணா, "அங்க போ. அது உன்ர மூளைக்குக் கிடைச்சது. மற்றது செத்தவளின்ர கதிரை" என்கிறார். அம்மா, "கதிரையில ஆரின்ர பேர் எழுதிக் கிடக்கு? போய் இரு" என்கிறார். இரண்டையும் விட்டுவிட்டு, உன்னைப்போல இன்னொரு வருடம் காத்திருந்து, என் புள்ளியில் என் இடத்தை எடுக்கலாம் என்று நானும் யோசித்தேன். அது மரியாதையாகத் தெரிந்தது.

இரண்டு கிழமை யோசித்தபின் அது பொய் என்று தெரிந்துகொண்டேன். நான் விட்டால் அந்த இடம் உனக்குத் திரும்பி வராது. எனக்குப் பின்னால் நிற்கிற, உன்னைக் கண்டேயிராத ஒருத்திக்குப் போகும். காத்திருப்பது உனக்குச் சண்டை. எனக்கு அது ஒளிப்பிடம். காத்திருக்கிற காலத்தில் எங்கள் மாதிரி ஆட்களின் கிணற்றுக்குள் என்ன இறங்கும் என்பதையும் பார்த்துவிட்டேன். சட்டக் கல்லூரிக்குப் போனால் நானும் லோயர்தான், ஆனால் நீ திறந்த வாசலால் ஒருத்தரும் உள்ளே போகாமல் விட்டவளும் நான்தான்.

ஆகவே போகிறேன். நல்லவள் என்பதால் இல்லை. மூதூர் மனுசிக்கு இன்னும் அடுத்த தவணைதான், உன் அப்பாவுக்கு இன்னும் தேத்தண்ணிக் கடைதான். அந்தக் கோட்டில் யாராவது எழும்பி நிற்க வேண்டும். உன்னளவுக்கு எனக்குக் குரல் இல்லை. உன்னுடைய அந்த ஒரு சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதையும் இந்தப் பெட்டியையும்தான் கொண்டுபோகிறேன்.

உன் பெயரைச் சுரண்டவில்லை. என் பெயரை எழுதவும் இல்லை. அண்ணா காலையிலேயே மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து வைத்தார். அப்படியே இருக்கின்றன.

பின்னேரம் ரயில். பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அதன்மேல் குந்திக்கொண்டு இதை எழுதுகிறேன். எல்லாருடைய கதைக்கும் குறுக்கே எழும்பியவள் நீ. இது உன் வழக்கு, உன் கதிரை. இதற்காவது எழும்படி. வண்டி வருவதற்குள் ஒருக்கா, ஒரேயொருக்கா, ஒப்ஜெக்சன் என்று சொல்லடி.