சிமென்ட் ஊற்றாதே, டெல்பர்ட்

அப்கைக்,
12 ஜூலை 1986

அன்புள்ள டெல்பர்ட்,

நீயும் நோரீனும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நானும் ஸஹ்ராவும் பிள்ளைகளும் நலம். மூத்தவன் ஃபாதில் என்னைவிட உயரமாகிவிட்டான். வெயில் நீ விட்டுவிட்டுப் போன மாதிரியேதான் இருக்கிறது.

உன் கடிதம் வந்தது. பதினெட்டு வருஷம் இந்த அரேபிய மணலில் ஒரே வண்டியில் உன்னோடு சுற்றியவனுக்கு மூன்றே வரி எழுதியிருக்கிறாய். எண்ணெய் விலை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. டெக்ஸஸில் உன் பதினொரு கிணறுகளுக்கும் ஆகஸ்டு முதல் வாரம் சிமென்ட் ஊற்றி மூடப்போகிறாய். மூன்றாவது வரி ஒரு கேள்வி: அங்கே வால்வுகளைத் திறந்தது நீதானா?

ஆமாம், நான்தான். என் கையால்தான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

நீ 1980இல் ஊர் திரும்பினாய். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே என் வேலை மாறிவிட்டது. எண்ணெய் எடுப்பது போய், கிணறுகளை மூடுவதே வேலையாயிற்று. விலை விழாமல் இருக்க எல்லோரும் குறைத்து எடுப்போம் என்று நாடுகள் கூடிப் பேசின. பேசிவிட்டு ஊருக்குப் போனதும் பலர் ஒப்புக்கொண்டதற்கு மேல் கப்பலில் ஏற்றினார்கள். வட கடலில் எண்ணெய் எடுக்கிற ஐரோப்பியர்கள் அந்தப் பேச்சுக்கே வரவில்லை. நீங்களும் வரவில்லை. குறைத்தது நாங்கள். போன கோடையில், முன்பு எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் எடுத்தோம். எண்ணெயோடு வருகிற வாயுவும் குறைந்து மின்சாரத்துக்கே திண்டாட்டமாகிவிட்டது. என் தம்பிக்கு வேலை போயிற்று. ஸஹ்ரா ஒருநாள் காவா காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க ஃபாதில் அப்பா, கிணத்துல எண்ணெய் இருக்கு, வாங்க ஆள் இருக்கு. ஊரெல்லாம் விக்கும்போது நாம மட்டும் ஏன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்?" நீ டெக்ஸஸில் உன் கிணறுகளை நல்ல விலையை நம்பி வாங்கினாய், டெல்பர்ட். அந்த விலைக்கு முட்டுக் கொடுத்து நின்றது யார் என்று யோசித்துப் பார்.

இலையுதிர் காலத்தில் உத்தரவு வந்தது. இனி விலையைத் தாங்குவது நம் வேலையில்லை, சந்தையில் நம் இடத்தைத் திரும்பப் பிடிப்போம் என்றார்கள். தஹ்ரான் தலைமை அலுவலகத்திலிருந்து மிஷாரி என்று ஓர் இளம் இஞ்சினியர் வந்து எங்களுக்கு விளக்கினார். "யாருக்கு எடுக்கிற செலவு ஜாஸ்தியோ அவன் முதல்ல மூடட்டும், அண்ணே. நமக்கு என்ன அவசரம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முதலில் மூடப்போகிற அந்த ஆளின் முகம் அன்று எனக்குத் தோன்றவில்லை.

அய்ன் தாரில் நீயும் நானும் சேர்ந்து தோண்டி முடித்த நாற்பத்தேழாம் கிணறு நினைவிருக்கிறதா? மூன்று வருஷம் மூடிக் கிடந்தது. திறந்தால் சத்தமே இல்லை. உள்ளே தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. செத்துப்போச்சு, விடுங்க என்றார்கள். நான் விடவில்லை. டீசலை அழுத்தித் தள்ளி, காத்திருந்து, திரும்ப வெளியே விட்டு, மறுபடி தள்ளி, மூன்றாம் நாள் மதியம் குழாய் அதிர்ந்தது. முதலில் தண்ணீர், பிறகு நுரை, அப்புறம் எண்ணெய். பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பொய் சொல்லமாட்டேன்: அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றியது. நாங்கள் திறந்துவிட்டதில் விலை சரிந்துவிட்டது என்று வசந்த காலத்தில் வானொலியில் சொன்னபோதுதான் ஸஹ்ரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ டெல்பர்ட் வீட்டு கதி?" என்றாள்.

எங்கள் நாடு செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

சிமென்ட் ஊற்றாதே. சிமென்ட் ஊற்றிய கிணறு திரும்பாது; வால்வை மட்டும் மூடிய கிணறு திரும்பும். இந்தப் பூமியில் என்னைவிட அதிகக் கிணறுகளை மூடி உயிரோடு வைத்திருந்தவன் கிடையாது, அதனால் நான் சொல்வதைக் கேள். தற்காலிகமாக நிறுத்தி வைக்க உங்கள் அரசிடம் அனுமதி கேள். உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கலந்த எண்ணெயை இறக்கு. வாரம் ஒருமுறை பம்பை ஐந்து நிமிஷம் ஓட்டு. எல்லா வால்வுக்கும் கிரீஸ் வைத்து மாதம் ஒருமுறை திருப்பிவிடு. மிக மோசமான இரண்டு மூன்றை வேண்டுமானால் விட்டுவிடு. மற்றவை காத்திருக்கும். விலை ஏறும், டெல்பர்ட். எவ்வளவு நாள் என்று தெரியாது, ஆனால் ஏறும்.

இன்னொன்று. உன் கடிதத்தின் ஓரத்தில் நோரீன் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருக்கிறாள். நீ பார்த்திருக்கமாட்டாய். தினமும் சாயங்காலம் கிணற்றடிக்குப் போய் வண்டியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாயாம். துப்பாக்கியும் கூட வருகிறதாம். மான் வேட்டை நவம்பரில்தான் என்று நீதானே எனக்குச் சொன்னாய். அதை உன் மருமகன் வீட்டில் வை. எனக்காக.

இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ வெளியே போயிருப்பதாக நோரீன் சொன்னாள், உன் இருமல் பின்னால் கேட்டது. ஆகஸ்டு முதல் தேதி, வெள்ளிக்கிழமை, உங்கள் காலை எட்டு மணிக்கு மறுபடி கூப்பிடுவேன். நீ எடுக்கவேண்டும். பேசவேண்டாம். எடுத்தால் போதும்.

உன்,
ஜாசிம்


அப்கைக்,
20 செப்டம்பர் 1986

அன்புள்ள டெல்பர்ட்,

நலம், நலமறிய ஆவல். அன்று நீ ஃபோனை எடுத்து முதலில் இருமினாய். அப்புறம், "அங்க வெயில் எப்படி?" என்றாய். ஒன்பது நிமிஷம் வெயிலைப் பற்றியே பேசினோம். எண்ணெய் என்ற சொல்லே வரவில்லை. ஸஹ்ரா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்ளோ தூரம் ஃபோன் போட்டீங்க?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நோரீன் எழுதியிருந்தாள். சிமென்ட் வண்டி வந்து நான்கு கிணறுகளுக்கு மட்டும் ஊற்றிவிட்டுத் திரும்பிவிட்டதாம். ஏழு மிச்சம். நல்ல எண்ணிக்கை. மருமகன் வீட்டுக்குப் போகவேண்டியது போய்விட்டதாகவும் எழுதியிருந்தாள். அதைப் பற்றி உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

நாடுகள் மறுபடி கூடிப் பேசி, எல்லோரும் குறைப்பது என்று முடிவாகியிருக்கிறது. இந்த மாதம் நான் மறுபடி மூடிக்கொண்டிருக்கிறேன். மிஷாரியின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. மற்றவர்கள் சொன்ன சொல்லில் எத்தனை நாள் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் விலை கொஞ்சம் நிமிர்ந்திருப்பது உனக்கே தெரிந்திருக்கும். இதற்காக எனக்கு நன்றி சொல்லாதே. அன்று திறந்தது நான், இன்று மூடுவதும் நான்; இரண்டுமே என்னைக் கேட்டு நடக்கவில்லை.

நோரீனுக்கு என் சலாம். உன் ஏழு கிணறுகளும் உயிரோடு இருக்கட்டும். அவற்றைவிட நீண்ட நாள் நீ இரு.

என்றும் உன்,
ஜாசிம்